களிம்பும் துலக்கமும்

பழங்காலச் சாயலும் ஆண்மைத் தோற்றமும் கொண்ட குளியலறை இன்று உள்ளலங்காரத் தொழிலில் தனி வகையாக நிலைபெற்றுவிட்டது. வெள்ளை ஓடு, பிளாஸ்டிக் கதவு, ஒற்றைக் குழாய், ஒரு வாளி என்றிருக்கும் எளிய அறையில் வேலை தொடங்குகிறது. சுவரின் கீழ்ப்பாதிக்குக் கரும்பழுப்பு மரப்பலகையோ கரும்பச்சை வண்ணமோ வருகிறது. மேற்பாதி மங்கிய வெண்மையாகிறது. தரையில் அறுகோணச் சிறு ஓடுகள் பதிக்கப்படுகின்றன. பீங்கான் தூணின்மேல் நிற்கும் கைகழுவு தொட்டி, குறுக்குப் பிடி வைத்த பித்தளைக் குழாய், சங்கிலியை இழுத்தால் தண்ணீர் பாயும் உயரத் தொட்டி, இடமும் பணமும் இருந்தால் நகமுள்ள கால்களில் நிற்கும் வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி என்று பொருள்கள் சேர்கின்றன. முகச்சவரத்துக்கு வட்டக் கண்ணாடியும் மரப்பிடித் தூரிகையும் வேண்டும். பித்தளை பளபளக்கக் கூடாது. கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருக்க வேண்டும். பொருளின்மேல் காலம் தெரிய வேண்டும் என்பதே இந்தப் பாணியின் உயிர்.

இதில் மெய்யியல் கேள்வி ஒன்று உள்ளது. நேற்று வாங்கிய பொருளின்மேல் நூறாண்டைக் காட்டுவது பொய்யா? பொய் என்றால் அது யாருக்குச் சொல்லப்படும் பொய்? பொய்யில்லை என்றால் வேறு என்ன? நீராடும் இடத்தைப் பற்றி இக்கேள்வி எழும்போது தமிழ் மரபில் அதற்குக் கூடுதல் எடை உண்டு. உடலின் தூய்மையையும் உள்ளத்தின் வாய்மையையும் ஒரே குறளில் இணைத்துப் பேசியவர் திருவள்ளுவர். வாய்மை அதிகாரத்தில், குறள் 298இல், புறத்தைத் தூய்மையாக்க நீர் போதும், அகத்தின் தூய்மை வாய்மையிலேயே தெரியவரும் என்று அவர் இரண்டையும் அருகருகே வைக்கிறார். அந்த வகையில் குளிக்கும் அறை உண்மை பேசுகிறதா என்று கேட்பது வலிந்து செய்யும் வேலை ஆகாது.

கேள்வியை ஆராய மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார்; அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1925இல் அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இதைப் பார்வையிட்ட பிறகு, வெயிலுக்கு ஒதுங்கும் மலைவாசத்தலமாக இதை வளர்க்கும் திட்டம் உருவானது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டருக்கும் மேலே உள்ள தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்தில் ஓய்வில்லங்கள் எழுந்தன. அவற்றுள் 1937இல் கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதி இன்றும் நிற்கிறது. வெள்ளைச் சுவர், அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் கறுப்பு மரச்சட்டங்கள், கூம்புக் கூரை, உள்ளே கணப்படுப்பு. பார்த்தவுடன் பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமம் நினைவுக்கு வர வேண்டும் என்று கட்டப்பட்ட வீடு அது.

இன்று மலையில் பழங்காலச் சாயலை விரும்பும் ஒருவர், விடுதிக்காரரோ வீட்டுக்காரரோ, மூலமாக எடுத்துக்கொள்வது இந்த 1930களின் பங்களாவைத்தான். அந்த மூலமே நகல். டியூடர் அரசர்கள் இங்கிலாந்தை ஆண்டது 1485 முதல் 1603 வரை. அக்கால வீடுகளில் கறுப்பு மரச்சட்டம்தான் வீட்டைத் தாங்கும் எலும்புக்கூடு. இடைவெளியைக் களிமண்ணும் சாந்தும் அடைத்தன. முந்நூறு ஆண்டு கழித்துப் போலி டியூடர் பாணி வந்தபோது, செங்கல்லோ சிமெண்டோ சுமையைத் தாங்க, மரச்சட்டம் பெரும்பாலும் மேலே ஒட்டிய அணியாக மாறியது. அதை மலாயாவின் மழைக்காட்டு மலையில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் தாம் பிறந்த ஊரைக்கூட அல்ல, பாட்டன் முப்பாட்டன் ஊர் இப்படி இருந்திருக்கும் என்ற கனவையே கட்டினார்கள். ஆகவே கேமரன் மலையில் 'அசல்' எங்கே என்று தேடிப் போனால் நகலுக்குப் பின் நகலே கிடைக்கிறது. மூலத்தோடு பொருந்துகிறதா என்ற அளவுகோல் இங்கே முதலடியிலேயே உடைந்துபோகிறது.

அந்தக் காலத்துக் குளியலறைகள் உண்மையில் எப்படி இருந்தன என்பதும் இன்றைய சாயலுக்குச் சாதகமாக இல்லை. மலாயாவின் பல பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரை குளித்தது சிங்கக்கால் தொட்டியில் அன்று. ஷாங்ஹாய் ஜாடி என்று சொல்லப்பட்ட பெரிய மண்தாழியில் நிரப்பி வைத்த தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்தார். அது மலாய் வீட்டின் முறை, தமிழ் வீட்டின் முறையும்கூட. தகரத் தொட்டி வைத்திருந்தவருக்கு யாராவது வெந்நீர் காய்ச்சிச் சுமந்து வந்து ஊற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்க ஓர் ஆள், விறகு பிளக்க ஓர் ஆள், மலத்தொட்டியைப் பின்கதவு வழியே எடுத்துச்செல்ல ஓர் ஆள். பங்களாக் குளியலறைக்கு வெளியே திறக்கும் சிறு பின்கதவு ஒன்று இருந்தது அந்த ஆள் வீட்டுக்குள் நடக்காமல் வந்துபோவதற்காகத்தான். இன்று அச்சு அசலாகப் பழமையை மீட்கிறோம் என்று சொல்லும் எந்த வடிவமைப்பும் அந்தக் கதவை மீட்பதில்லை.

மலைச்சரிவின் கீழே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் இருந்தது. ஆள்சேர்க்கும் கங்காணி வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் சமவெளித் தோட்டங்களிலிருந்து மேலேறியவர்களும் அங்கே குடியிருந்தார்கள். இந்திய அரசு 1938இல் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தபோது கங்காணி முறை முடிவுக்கு வந்தது. வந்தவர்களின் பிள்ளைகள் தோட்டத்திலேயே வளர்ந்தார்கள். லயத்தில் குளியலறை என்று தனியாக ஒன்று நெடுங்காலம் இல்லை. வரிசை வீடுகளுக்குப் பொதுவாக ஒரு குழாய், ஒரு சிமெண்டுத் தொட்டி, சற்றுத் தள்ளிப் பொதுக் கழிப்பிடம். விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுவதற்குமுன் கோவணத்தோடு நின்று ஆண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். பெண்கள் மார்புக்குமேல் பாவாடையைக் கட்டிக்கொண்டு, இருள் பிரிவதற்குமுன்னோ எல்லாரும் போன பின்னோ குளித்தார்கள். விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கும் மலையில் இது எத்தகைய குளியல் என்பதை உடம்பு அறியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பையும் தண்ணீரையும் கழிப்பிடத்தையும் முதலாளியின் பொறுப்பில் வைத்தது. ஆனால் சட்டம் கேட்டது உயிரோடும் நோயின்றியும் இருக்கப் போதுமான அளவைத்தான். மறைவும் வெந்நீரும் அந்தக் கணக்கில் இல்லை.

பங்களாவும் லயமும் ஒரே மலையின் ஒரே காலத்தின் பழமை. இன்றைய பாணி ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிடுகிறது. கேள்வியின் கனம் இங்கேதான் கூடுகிறது.

பொருள்களின் பொய்யைப் பற்றி மேலைநாட்டில் கடுமையாகப் பேசியவர் ஜான் ரஸ்கின். 1849இல் வெளியான தம் கட்டடக்கலை நூலில் உண்மைக்கென்று ஒரு விளக்கை ஏற்றிவைத்த அவர், மூன்று ஏமாற்றுகளைக் கண்டித்தார்: தாங்காத ஒன்றைத் தாங்குவதுபோல் காட்டுவது, ஒரு பொருளை வேறொரு பொருளாகத் தெரியும்படி வண்ணம் பூசுவது, கைவேலை இருக்க வேண்டிய இடத்தில் இயந்திர அணியை வைப்பது. இந்த அளவுகோலால் பார்த்தால் ஸ்மோக்ஹவுஸ் போன்ற வீடுகளின் மரச்சட்டம் முதல் குற்றத்துக்கும், மரத்தைப்போல் அச்சிட்ட இன்றைய பீங்கான் ஓடு இரண்டாம் குற்றத்துக்கும் ஆளாகும். ரஸ்கினின் பார்வை கூர்மையானது. ஆனால் அது பொருளோடு நின்றுவிடுகிறது. மெய்யான தேக்கு, மெய்யான பித்தளை, கையால் செய்த ஓடு என்று எல்லாம் அசலாக இருந்தும் அறை பொய் சொல்லக்கூடும் என்பதை அது கவனிப்பதில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933இல் நிழல்களைப் போற்றி எழுதிய கட்டுரை இக்கேள்விக்கு இன்னும் அருகில் வருகிறது. பழைய முறையில் வீடு கட்ட விரும்புகிறவர் மின்கம்பியையும் நவீனக் கழிப்பறையையும் எங்கே ஒளித்துவைப்பது என்று படும்பாட்டிலிருந்தே அவர் தொடங்குகிறார். வெள்ளை ஓடு பளிச்சிட்டால் பக்கத்து மரத்தின் அழகு செத்துப்போகிறது என்று வருந்துகிறார். கீழைநாட்டவர் தம் வழியிலேயே அறிவியலை வளர்த்திருந்தால் இந்தப் பொருள்களெல்லாம் வேறு வடிவில் பிறந்திருக்கும் என்பது அவரது ஏக்கம். அவர் மீட்க நினைத்தது தம் சொந்தப் பழமை. கேமரன் மலையில் தமிழர் ஒருவர் துரை வீட்டுச் சாயலில் குளியலறை அமைக்கும்போது மீட்கப்படுவது யாருடையது? தாத்தா தண்ணீர் சுமந்து நிரப்பிய தொட்டியில் பேரன் படுத்துக் குளிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தைப் புறந்தள்ளவும் முடியாது. மறுக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வதும் ஒருவகை விடுதலையே. ஆனால் தொட்டியை எடுத்துக்கொண்டு சுமந்தவரை மறப்பது அந்த விடுதலையில் பாதியைக் கைவிடுவதாகும்.

ஒன்றை வேறொன்றாகக் கொள்வதை இந்திய மெய்யியல் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்திருக்கிறது. அறியாமையால் ஒன்றின்மேல் மற்றொன்றை ஏற்றிக் காண்பது வேறு. அறிந்தே, ஒரு நோக்கத்தோடு ஏற்றிக் காண்பது வேறு. முன்னது மயக்கம், பின்னது உபாசனை. சாளக்கிராமக் கல்லில் திருமாலைக் காண்பவருக்கு அது கல் என்று தெரியும், தெரிந்தே காண்கிறார். இதை ஏமாற்று என்று எவரும் சொல்லவில்லை.

தீபாவளி விடியலில் பல தமிழ் வீடுகளில் இதுவே நடக்கிறது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவரிடம் 'கங்கா ஸ்நானம் ஆச்சா' என்று கேட்பது வழக்கம். அன்றைக்கு அந்த நேரத்தில் எந்தத் தண்ணீரிலும் கங்கை வந்து தங்குகிறாள் என்பது நம்பிக்கை. கேமரன் மலையின் லயத்தில் அண்டாவில் காய்ந்த தண்ணீர் பெர்த்தாம் ஆற்றின் ஊற்றுநீர். குளித்தவர் கங்கையைப் பார்த்தவரும் அல்லர். பலர் காவிரியைக்கூடப் பார்த்ததில்லை. ஆயினும் அது கங்கை ஆனது. அதற்குப் பித்தளைக் குழாய் வேண்டியிருக்கவில்லை, கதவுகூட வேண்டியிருக்கவில்லை. மிக எளிய குளியலிடம் ஓர் ஆண்டில் ஒரு நாள், எந்த அலங்காரமும் இல்லாமல், நினைப்பு ஒன்றினாலேயே உருமாறியது. குளியலறையை மாற்றியமைக்கும் கலைகளில் இதற்கு நிகரான ஒன்று இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் மலைநீரைக் கங்கை என்பதும் புதிய குளியலறையைப் பழையது என்பதும் ஒரே செயலா? வேறுபாட்டை நிறுத்துப் பார்க்கும் ஒரு விதி பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் உண்டு. சங்கரர் தம் உரையில் அதை விரித்திருக்கிறார். ஒன்றை வேறொன்றாகப் பாவிக்கும்போது, தாழ்ந்ததன்மேல் உயர்ந்ததை ஏற்றலாம். உயர்ந்ததன்மேல் தாழ்ந்ததை ஏற்றலாகாது. தேரோட்டியை அரசனாக மதித்தால் தேரோட்டி உயர்கிறான். அரசனைத் தேரோட்டியாக நடத்தினால் அது அவமதிப்பாகிறது. பாவனையின் தகுதி அது மேலே தூக்குகிறதா என்பதில் இருக்கிறது.

குழாய்நீரின்மேல் கங்கையை ஏற்றும்போது நீர் உயர்கிறது. அதில் குளிக்கும் கூலித்தொழிலாளி, அவரைச் சேர்த்துக்கொள்ளாத ஊர்களின் தீர்த்தக்கரைக்கு நிகரான இடத்தில் நிற்கிறார். இன்றைய குளியலறையின்மேல் 1930இன் துரையை ஏற்றும்போது உயர்வது எது? துரையின் வசதி உயர்ந்தது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பாவனை வேலை செய்யும். ஒரு மனிதர் குளிக்க மூவர் சுமந்த ஏற்பாட்டை உயர்வு என்று கொள்ளும் பார்வையே அங்கே பொய். குழாயின் வடிவம் அன்று. நகக்கால் தொட்டிக்கும் சங்கிலித் தொட்டிக்கும் ஒரு குற்றமும் இல்லை. பீங்கானின் வளைவை, வார்ப்பிரும்பின் கனத்தை, கையால் திருகும் குழாயின் எதிர்ப்பை விரும்பி ஒருவர் அவற்றைத் தேர்ந்தால், அது பொருளின் நலனைப் போற்றுவது. அதில் எவரும் தாழ்வதில்லை.

வள்ளுவரின் வாய்மை இலக்கணமும் இதே பக்கம் சாய்கிறது. அவர் வாய்மையை நடந்ததை நடந்தபடி சொல்வது என்று வரையறுக்கவில்லை. எவருக்கும் எவ்விதத் தீமையும் தராதபடி சொல்வதை வாய்மை என்கிறார். இதை நெகிழ்வான இலக்கணம் என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இது கடினமானது. பழமைச் சாயல் பொய்யல்ல, ஏனெனில் பார்ப்பவர் எவரும் ஏமாறுவதில்லை என்ற வழக்கமான சமாதானம் இதன்முன் நில்லாது. விருந்தினர் ஏமாறுகிறாரா என்பது மட்டும் கேள்வியன்று. இந்தக் காட்சியால் எவருடைய உழைப்பும் வாழ்வும் இல்லாதது போலாகிறதா என்பதும் கேள்வி. தேயிலைத் தோட்டத்து விடுதியில் துரையின் குளியலறையை மீட்டுவைத்து, அதன் சுவரில் பங்களாவின் பழைய ஒளிப்படத்தைத் தொங்கவிட்டு, லயத்தின் படம் ஒன்றுகூட இல்லாமல் விட்டால் தீமை நேர்ந்துவிடுகிறது.

களிம்புக்கு வருவோம். இந்தப் பாணியில் மிகுந்த செலவும் மிகுந்த காதலும் பித்தளையின் நிறத்தின்மீதே. மேற்பூச்சு இல்லாத பித்தளையைப் பொருத்தி, கைபடும் இடம் பொன்னாகவும் கைபடாத இடம் கறுப்பாகவும் ஆகும்வரை விட்டுவைப்பது ஒரு வழி. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக உப்பும் வினிகரும் அம்மோனியா ஆவியும் கொண்டு சில மணிநேரத்தில் பல ஆண்டுப் பச்சையை வரவழைக்கும் தொழில் இருக்கிறது. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கூடிப் பூக்கும் இந்தப் பச்சையைத்தான் தமிழர் களிம்பு என்றார்கள்.

சைவ சித்தாந்தத்தில் களிம்பு மிக முக்கியமான இடத்தில் நிற்கிறது. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் எப்போது வந்தது என்ற கேள்விக்கு மெய்கண்டார் மரபு தரும் விடை, அது இடையில் வந்ததன்று, செம்போடு களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது என்பதாகும். நெல்லுக்கு உமியும் இப்படியே. செம்பு உண்டான அன்றே களிம்பும் அதற்குள் இருந்தது. வெளியே தெரிந்தது பின்னால். வீடுபேற்றிலும் அந்த மலம் அடியோடு அழிவதில்லை, அதன் ஆற்றல் ஒடுங்குகிறது என்பது அவர்கள் கொள்கை. அப்படிப் பார்த்தால் களிம்பைக் காலத்தின் கையெழுத்து என்று கொண்டாடுவதும், அதைச் செயற்கையாக வரவழைத்து விற்பதும் சித்தாந்தியின் கண்ணுக்கு வியப்பாகவே படும். எதை நீக்க உயிர் பிறவிதோறும் பாடுபடுகிறதோ, அதையே அணியாகப் பூசிக்கொள்வது போல.

தமிழ் வீட்டின் வழக்கமும் சித்தாந்தத்தின் பக்கமே நின்றது. வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் குத்துவிளக்கும் செம்பும் குடமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கப்படும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். துலங்கிய பித்தளை அந்த வீட்டில் கை ஓயவில்லை என்பதற்குச் சான்று. லயத்து வீட்டின் ஒற்றைப் பரணில் இரண்டே பாத்திரம் இருந்தாலும் அவை பொன்போல் இருந்தன என்றால், அது அந்த வீட்டுப் பெண்ணின் பெருமை. பழமை விரும்பிகள் இதைக் காலத்தை அழிக்கும் செயல் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியல்ல. தேய்த்துத் தேய்த்து விளிம்பு மெலிந்த செம்பும், வெட்டிய பெயரின் எழுத்து பாதி மறைந்த குடமும் காலத்தை மறைக்கவில்லை. காலத்தோடு அதில் பட்ட உழைப்பையும் காட்டுகின்றன. களிம்பு, பொருள் கவனிப்பாரின்றிக் கிடந்த காலத்தைச் சொல்கிறது. தேய்மானம், பொருள் கையில் இருந்த காலத்தைச் சொல்கிறது. இவ்விரண்டில் எது மதிக்கத் தக்க பழமை என்பதில் இந்தக் கட்டுரைக்கு ஐயம் இல்லை.

இருந்தும் சித்தாந்தம் பொருளை வெறுக்கச் சொல்வதில்லை. மாயையும் மலமே, ஆனால் வண்ணான் சாணத்தையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றி அவற்றோடு பழைய அழுக்கையும் போக்குவதுபோல, மாயையின் ஆக்கமான உடலும் உலகப் பொருள்களும் ஆணவத்தைப் போக்க உதவுகின்றன என்று சிவஞான சித்தியார் வழியில் விளக்குவார்கள். வீட்டை, அதிலும் குளிக்கும் அறையை, அக்கறையோடு அழகாக அமைப்பது ஆன்மிகத்துக்குப் பகை என்று நினைப்பவர்களுக்கு இது விடை. தினமும் உடலை ஒப்படைக்கும் இடம் அழகாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அங்கே வளர்வது ஆணவமா, அது தேய்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

ஆண்மைத் தோற்றம் என்ற பாதிக்கும் இது பொருந்தும். கரும்பச்சை, கரும்பழுப்பு, தோல், இரும்பு ஆகியவை ஆணுக்குரியவை என்ற எண்ணம் ஆங்கிலேயரின் கிளப், கப்பல் அறை, முடிதிருத்தகம் ஆகியவற்றிலிருந்து வந்தது. பெண்கள் நுழையாத இடங்களின் நிறம் ஆணின் நிறமாகக் கொள்ளப்பட்டது. தமிழர் நீராடலில் ஆண், பெண் என்ற பிரிவு பொருளில் அமையவில்லை, நாளில் அமைந்தது: எண்ணெய்க் குளியல் ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அதே தொட்டி, அதே செம்பு, அதே சீயக்காய். முகச்சவரம் குளியலறைக்குள் நடக்கவே இல்லை. நாவிதர் வந்து திண்ணையிலோ மரத்தடியிலோ செய்து முடிப்பார். அதன்பின் தலைமுழுகாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. சவரக் கண்ணாடியும் தூரிகையும் குளியலறையின் நடுவிடத்தைப் பிடித்தது முழுக்க வேறொரு வரலாறு.

பொருளில் ஆண்மை தங்குமா என்ற கேள்விக்கும் பழைய நூல்களில் விடை கிடைக்கிறது. பிறன் மனைவியை நோக்காத அடக்கத்தையே வள்ளுவர் பேராண்மை என்றார். புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஔவையார், நிலத்தின் நன்மையை அதன் மேடு பள்ளத்தில் தேடாமல் அங்கே வாழும் ஆடவரின் நன்மையில் தேடினார். இந்த வழியில் சிந்தித்தால், ஆண்மைக் குளியலறை என்று ஒன்று இருக்குமானால் அது அதைப் பயன்படுத்தும் ஆண் தானே கழுவி வைக்கும் குளியலறையாகும். 1901இல் கல்கத்தாக் காங்கிரஸ் மாநாட்டில் காந்தி துடைப்பம் எடுத்துக் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தது அங்கிருந்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. நூறாண்டுக்குப் பின்னும் பல வீடுகளில் அது அதிர்ச்சியாகவே இருக்கும் என்பது வேதனை. கரும்பழுப்பு மரப்பலகையும் பித்தளையும் மற்றவகைக் குளியலறைகளைவிடக் கூடுதல் பராமரிப்பு கேட்பவை. அதைச் செய்வது மனைவியோ வேலைக்கு வரும் பெண்ணோ என்றால், அறையின் தோற்றம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற பழைய பங்களாக் கணக்கு மறுபடி தொடங்கிவிடுகிறது.

மலையின் தட்பவெப்பமும் தன் தீர்ப்பைச் சொல்கிறது. ஆண்டு முழுதும் மழை, பகலிலும் இறங்கும் மூடுபனி, காற்றில் நீங்காத ஈரம். சுவரோடு ஒட்டி அடித்த மரப்பலகையின் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் பட்டை விரைவில் வெண்பூ பூக்கும். கனிமம் குறைந்த, சற்றே அமிலத் தன்மையுள்ள மென்னீர் ஓடும் இடங்களில் மலிவான பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்லக் கரைந்து, குழாய் உள்ளிருந்து நொய்ந்துபோகும். ஆகவே மரம் வேண்டுமென்றால் ஈரத்தைத் தாங்கும் செங்கால் மரத்தைச் சுவரிலிருந்து காற்றோட்ட இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். ஓட்டுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சும், வடிகாலை நோக்கிய தரைச்சரிவும், ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறியும் எந்தப் பாணிக்கும் முந்தியவை. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து, மூச்சுவிடும் பூச்சாதலால், பிளாஸ்டிக் வண்ணத்தைவிட நன்று.

பழமையின் சாயல் வேண்டும், அதே சமயம் அது தமிழருக்கும் மலைக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்றால் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யும் ஓடு இன்றும் கிடைக்கிறது. கரும்பச்சையும் செங்காவியும் அதன் பழகிய நிறங்கள். மலாயாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் கட்டிய வீடுகளில் மிதிபட்ட தரை அது என்பதால், இந்நாட்டுத் தமிழ் வரலாற்றோடும் அதற்கு உறவு உண்டு. லயத்துச் சிமெண்டுத் தொட்டியின் வடிவையே எடுத்து, நன்கு மெழுகி, ஓரத்தில் செங்காலால் ஒரு தட்டு அமைத்து, செம்பு ஒன்றை வைக்கலாம். தொட்டியில் படுத்துக் குளிக்க ஏறத்தாழ 150 லிட்டர் செலவாகும். செம்பால் மொண்டு குளிக்க இரண்டு வாளி போதும். ரிங்லெட்டில் 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம், மேலேயுள்ள சரிவுகள் வெட்டப்பட்டதால் வண்டல் நிறைந்து திணறும் மலையில், தண்ணீரின் அளவும் வாய்மையின் பகுதியே.

கடைசியாக லயமும் இன்றைய உழைப்பாளரும். தமிழ்க் குடும்பங்களில் பல நகரங்களுக்கு இறங்கிவிட்டன. தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 முதல் தோட்டத்துக்கு வெளியேயுள்ள துறைகளுக்கும் விரிந்தது. குளியலிடமும் கழிப்பிடமும் அதன் வரம்புக்குள் உண்டு. ஒரு தோட்டமோ விடுதியோ தன் எளிய குளியலறைகளை மாற்றியமைக்கத் திட்டமிடும்போது, விருந்தினர் அறையையும் தொழிலாளர் அறையையும் ஒரே வரைபடத்தில், ஒரே பணக்கணக்கில் வைத்துப் பார்ப்பது சங்கரரின் விதிக்கும் வள்ளுவரின் இலக்கணத்துக்கும் ஒருசேரப் பொருந்தும். அங்கே வெந்நீர்க் குழாயும் தாழிடும் கதவும் முதலில் வருகின்றன. பித்தளையின் நிறத்தை அதற்கடுத்துத் தேர்ந்துகொள்ளலாம்.